டயல் கண்ணாடியில் அக்காவின் பொட்டு

11-9-1973, செவ்வாய்

கடலைக்காட்டில் எலி. ஒவ்வொன்றும் வெள்ளாட்டுக் குட்டி அளவு. ஒன்று வரப்பில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து மீசையை முறுக்கியது. நானும் முறுக்கினேன். கடைசியில் நான்தான் கண்ணைத் தாழ்த்தினேன்.

மத்தியானம் நல்லமுத்து வந்தான். அக்கா மகள் ராசம்மாளின் புருசன். மூணாறுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெசின் பார்க்கிறவன். பஸ் மாறி மாறி மலையிறங்கி வந்து, மாமனார் வீட்டு வாசலை மிதிக்காமல் நேரே என் வீட்டில் வந்து உட்கார்ந்தான். மோரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான், ராசுவுக்கு ஐந்து மாதம் என்று. என் சம்சாரம் மயிலாத்தாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவன் வாயில் சர்க்கரையைக் கொட்டினாள். பாவம், புரையேறிவிட்டது.

"அவ அங்கனயே தோட்டத்து ஆஸ்பத்திரியில பெத்துக்கிடுதேங்கா மாமா. அப்பா வந்து கூப்பிட்டாத்தான் ஊருக்கு வருவாளாம். நானும் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கா."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. தாய் போய்விட்டாள். வீடு இருக்கிறது. அந்த வீட்டில் இருக்கிற மனிதரோ பெண்ணின் பேரையே எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர்.

நான் தாய்மாமன். சும்மா இருக்க முடியுமா? தொடையைத் தட்டினேன். "உன்ற மாமனாரு வருவாரப்பா. வரலீன்னா அந்த மலையப் பேத்துக் கொண்டாந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்துல வெச்சுப்போடறன்!"

நல்லமுத்து நம்பிவிட்டான். அதுதான் பயமாக இருக்கிறது.

12-9-73

மச்சானிடம், ராசுவின் அப்பாவிடம், பேச வேண்டும். நாளைக்கு.

13-9-73

நாளைக்கு.

16-9-73, ஞாயிறு

போனேன்.

மச்சான் ரத்தினசாமி ஒரு வருசத்தில் பேசுகிற பேச்சையெல்லாம் கூட்டி அள்ளினாலும் ஒரு சுருக்குப் பை நிறையாது. நான் ஒரு நாளில் பேசுவதைக் கொட்ட வாளையார் அணை போதாது. இப்படி இரண்டு பேரை ஒரே பெண்ணுக்கு, ஒருத்தனைத் தம்பியாகவும் ஒருத்தரைப் புருசனாகவும் கொடுத்த கடவுள் நிச்சயம் விளையாட்டுப் பிள்ளைதான்.

மூன்று வருசத்துக்கு முன் ராசு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேலைக்குப் போனாள். போன இடத்தில் நல்லமுத்துவைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி, வேறு சீமை. அன்றைக்கு மச்சான் பேசியது ஒரே வாக்கியம்: "இனி அவ பேச்சு இந்த ஊட்ல எடுக்கக் கூடாது." சரசக்கா எடுக்கவில்லை. போன வருசம் ஆடியில் கண்ணை மூடுகிறவரைக்கும் எடுக்கவில்லை. சாவுக்கு வந்த ராசு, அம்மா காலடியில் உட்கார்ந்து அழுதாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். பஸ் ஏறும்போது என்னிடம் சொன்னாள்: "எங்கம்மா என்னைய நெனைக்கக்கூட இல்லீங் மாமா."

அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சுக்குள் முள்ளாக நிற்கிறது.

இன்றைக்கு நானும் மச்சானும் பேசியது:

"கடலை எப்பிடிங் மச்சான்?"

"இருக்குது."

அவ்வளவுதான். எலி மீசை முறுக்கிய கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வரும்போது முன்பக்கத்து ஆசாரத்து மூலையில் துண்டு போட்டு மூடியிருந்த ஒன்று கண்ணில் பட்டது. அக்காவின் ரேடியோ. அவள் போன சமயத்திலேயே அதுவும் ஊமையாகிவிட்டது.

அந்த வீட்டில் சத்தமே செத்துப்போய்விட்டது. சத்தத்தை உயிர்ப்பித்தால்? பாட்டுக் கேட்டால் கல்லும் கரையுமே, மச்சான் வெறும் கருங்கல்தானே!

23-9-73

தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு அந்த ரேடியோ வந்த நாளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்த புதுசு. மச்சான் வீட்டில் ஒரு குண்டு பல்பு எரிந்தது. 'ஒரு பல்புக்கா இத்தனை கம்பம் நட்டார்கள்? என் அக்கா வீட்டுக்கு உலகத்தையே கொண்டுவந்து இறக்குகிறேன்' என்று சந்தையில் நின்று சவால் விட்டேன். அந்தப் போகத்துக் கடலை அத்தனையும் கோயமுத்தூரில் ஒரு மரப்பெட்டியாக மாறியது. ஆனைக்குட்டி அளவு இருக்கும். சரி, கன்றுக்குட்டி. தேக்குப் பலகை, ஓரமெல்லாம் வளைத்து இழைத்தது, பொன் நிறத் துணி, அகலமான கண்ணாடி, அதற்கு மேலே ஒரு பச்சைக் கண். ஸ்டேசன் சரியாக மாட்டினால் அந்தக் கண் சுருங்கும். ஊர் ஜனம் அந்தக் கண்ணுக்கு ஒரு வாரம் கும்பிடு போட்டது.

போட்டவுடனே பாடாது. உள்ளே வால்வு சூடேற வேண்டும். அந்த நேரத்தில் யாரும் மூச்சு விடக் கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்தேன். மெதுவாகச் சூடான தூசி வாசம் வரும். அப்புறம் ஒரு உறுமல். அப்புறம் கடல் தாண்டி இலங்கையிலிருந்து பாட்டு! அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டு வயசு ராசு பெட்டிக்கு முன்னால் பாவாடை பறக்கச் சுற்றிச் சுற்றி ஆடினாள். மச்சான் கட்டுத்தறியில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடுகிற சாக்கில் நின்று கேட்டார். அன்றிலிருந்து அவர் மாடுகளுக்கு ராத்திரியும் தீனி கிடைத்தது.

அக்கா பாட்டுப் பைத்தியம். கடைசிவரைக்கும் அந்தப் பாட்டுத்தான் கேட்டிருப்பாள்.

1-10-73

மச்சானிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது! தந்திரத்தில் என்னை மிஞ்ச இந்தச் சீமையில் ஆள் இல்லை.

"ஆயுத பூசைக்கு ஊட்ல வேலை செய்யற சாமானமெல்லாம் வரோணுமுங் மச்சான். ரேடியோவ எடுத்துக் கழுவட்டுங்களா?"

"அது வேலை செய்யறதில்லையே."

"அதுனாலதானுங்!"

மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அகராதியில் அதற்குச் 'சரி' என்று அர்த்தம்.

5-10-73, வெள்ளி. ஆயுத பூசை

கெட்டது குடி.

விடியக்காலையிலேயே போய்விட்டேன். கலப்பை, மண்வெட்டி, அரிவாள், வண்டிச் சக்கரம் எல்லாம் கழுவினோம். ரேடியோவை நான் ஒருத்தனே எடுத்தேன். யாரையும் தொட விடவில்லை. பெட்டியைத் துடைத்தேன். எலி கடித்த ஸ்பீக்கர் துணியை உரித்துப்போட்டேன். கண்ணாடியில் ஓர் இடத்தில் கறுத்துத் தடித்த ஒரு பழம்பொட்டு. சந்தனமும் குங்குமமும் வருசக்கணக்கில் மேலே மேலே அப்பியது. அக்கா கைப் பொட்டு. கும்பிட்டுக்கொண்டுதான் துடைத்தேன். போன பூசைப் பொட்டை அழித்துவிட்டுப் புதுசு வைப்பதுதானே முறை? கலப்பைக்கும் அப்படித்தானே செய்தேன்? விபூதி போட்டுத் தேய்த்துக் கண்ணாடியைக் கண்ணாடியாக்கி, நட்டநடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புதுப் பொட்டு வைத்தேன். பக்கத்தில் எலுமிச்சம்பழம்.

மச்சான் கிணற்றடியிலிருந்து வந்தார். பார்த்தார்.

"இதுல இருந்த பொட்டு?"

"தொடைச்சுட்டுப் புதுசு வெச்சிருக்கறனுங். ராசாவாட்டம் இருக்குது பாருங்!"

அவர் கண்ணாடியைத் தடவினார். தவறிப்போன காசைத் தேடுகிற மாதிரி ஓரம்வரைக்கும் தடவினார்.

"அவ எழுத்துத் தெரியாதவ மாப்ளை. முள்ளு எங்க நிக்கோணும்னு தெரியறக்கு வெச்சது அது."

"எந்த ஸ்டேசனுக்குங்?"

மச்சான் திரும்பி நடந்தார். பூசைக்கும் வரவில்லை, சுண்டலுக்கும் வரவில்லை. மாட்டுக்கிட்டே போய் நின்றுகொண்டார்.

6-10-73

பொட்டு எங்கே இருந்தது? வலது பக்கமா? இடதா? மேல் வரியா, கீழ் வரியா? நான் துடைத்த கை இதோ இருக்கிறது. கையைக் கேட்டால் சொல்லுமா?

மயிலாத்தாளிடம் சொன்னேன். "கலியாணத்துக்குப் போனாலும் நடுவுல, எழவுக்குப் போனாலும் நடுவுல போயி உக்காந்துக்கறது உங்க புத்தி. பொட்டயும் கொண்டுபோயி நடுவுல வெச்சீங்களாக்கும்" என்றாள்.

ஒரு நாட்டையே அழித்த ராசாக்கள் உண்டு. ஈரத்துணியால் அழித்தவன் நான் ஒருத்தன்தான்.

9-10-73

இனிப் பின்வாங்கினால் நான் ஆண்பிள்ளை இல்லை. ரேடியோவை வண்டியில் ஏற்றிப் பொள்ளாச்சி ரோட்டிலிருக்கிற மைக் செட் சூசையப்பனிடம் கொண்டுபோகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மனிதர் வைக்கோற்போரிலிருந்து வைக்கோலை உருவிக்கொண்டு வந்து, வண்டிக்குள் மெத்தை மாதிரி பரப்பினார். பெட்டியை வைத்த பிறகு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்.

ஏனாக்கும் இவ்வளவு கரிசனம்?

10-10-73

சூசையப்பன் கோயில் நோம்பிகளுக்கு மைக் கட்டிக் கட்டி, சாதாரணப் பேச்சையே மைக்குக்கு முன்னால் நிற்கிற மாதிரி பேசுகிறவன். "அண்ணா, வணக்கமுங்!" என்றால் ரோட்டில் போகிற லாரி பிரேக் போடுகிறது.

பின்பலகையைக் கழற்றினான். உள்ளே ஒரு ஊரே இருந்தது. பல்லி முட்டை, சிலந்தி வலை, குளவி கட்டிய மண்வீடு. அப்புறம் அடியில் ஒரு குவியல், கறுத்துச் சுருங்கிப்போன நிலக்கடலைப் பருப்பு.

"எலி கொண்டாந்து வெச்சிருக்குதுங் அண்ணா."

எலி இல்லை. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. பெட்டிக்குள் பாடுகிறவர்களுக்குப் பசிக்கும் என்று சொல்லி, பின்பலகை ஓட்டை வழியாக ராசு தினமும் கடலை போடுவாள். 'அவுங்க ஊட்டு மூட்டையே காலியாகிருமாட்ட இருக்குதே' என்று அக்கா சிரிப்பாள். அந்தக் கடலை இன்னும் இருக்கிறது. பாடினவர்கள் ஒருத்தரும் சாப்பிடவில்லை.

ஒரு பிடி எடுத்து வேட்டி மடியில் முடிந்துகொண்டேன். சூசையப்பன் கேட்டான். மருந்துக்கு என்றேன்.

அவன் கண்டுபிடித்த வியாதிகள்: ஒரு வால்வு போய்விட்டது. இரண்டு கண்டென்சர் மெழுகு கக்கியிருக்கிறது. முள்ளை இழுக்கிற நூல் அறுந்திருக்கிறது. திருகினால் திருகு மட்டும் சுற்றுகிறது, முள் நகரவில்லை. வால்வு கோயமுத்தூரில் பழைய செட்டிலிருந்து தேடி எடுக்க வேண்டுமாம். நான் பக்கத்தில் நின்று யோசனை சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

"அண்ணா, நீங்க ஊட்டுக்குப் போங்க. நீங்க இப்பிடிப் பேசீட்டிருந்தா இது ரிப்பேராயிருச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்."

17-10-73

பெட்டியை மட்டும் வாங்கிவந்து நானே பாலிஷ் போடுகிறேன். உப்புக்காகிதம் தேய்த்துத் தேய்த்து என் கைரேகை அழிந்துவிட்டது. இனி ஜோசியம் பார்க்க வழியில்லை. அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்து பூசினதில் முழங்கைவரை சிவப்பு. பலகையில் மர ரேகை எழுந்து வருகிறது பார், ஆற்று நீர் ஓடுகிற மாதிரி.

ஸ்பீக்கருக்குத் துணி வேண்டும் என்றேன். மயிலாத்தாள் துணிப்பெட்டியைத் திறந்து, என் கலியாணத்துப் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து, ஒரு வார்த்தை கேட்காமல் கத்தரியை வைத்துவிட்டாள்.

"அடியே, அது மாப்பிள்ளைத் துணி!"

"ரேடியோவுக்காச்சும் அமத்தறக்கு ஒரு திருகு இருக்குது. உங்களுக்கு அதுவுமில்ல. அதுவே மாப்பிள்ளையா இருந்துட்டுப் போகட்டும்."

25-10-73, தீபாவளி

மச்சான் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை.

29-10-73

பாடியது. இல்லை, பேசியது.

வால்வு வந்துவிட்டது என்று சூசையப்பன் ஆளனுப்பினான். பாலிஷ் போட்ட பெட்டியோடு பறந்தேன். கண்டென்சர் மாற்றி, வால்வைச் செருகி, ஏரியல் கம்பியை வேப்பமரத்தில் கட்டி, சுவிட்சைப் போட்டான். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதே சூடான தூசி வாசம். அதே உறுமல். பச்சைக் கண் மெதுவாகத் திறந்தது. இலங்கைப் பாட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன் —

மலையாளம். நெல் கொள்முதலைப் பற்றி ஒரு ஆள் பேசிக்கொண்டிருக்கிறார்!

"இதென்னடா கெரகம்! பாட்டு எங்க?"

"இருங்கண்ணா. இது திருச்சூர் ஸ்டேசனுங். இனி நூலப் போட்டு, முள்ள மாட்டி, எல்லா ஸ்டேசனும் புடிச்சுக் காட்டறன்."

"நூலே இல்லாம இது எப்பிடி அங்க போச்சு?"

"போகலீங், அங்கியேதான் இருந்துருக்குது. ஸ்டேசனப் புடிக்கறது இந்தத் தகடுங்க. நூலு அந்துட்டா இத யாரும் திருப்ப முடியாது. தண்டுல குளவி வேற மண்ணு வெச்சுப் பூசிருச்சு. கடேசியா எங்க வெச்சுக் கேட்டாங்களோ, அங்கியே நிக்குது."

அவன் நூற்கண்டை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"நூலு போடாத. தகடத் தொடாத. அசையாம இருக்கறக்கு என்ன பண்ணோணுமோ பண்ணு."

"அண்ணா, முள்ளு இல்லாத ரேடியோவா?"

"ஆமா."

என் முகத்தைப் பார்த்தான். முதல் தடவையாக மெதுவாகப் பேசினான். "சரிங்." ஒரு தீக்குச்சியைச் சீவித் தகட்டுக்குப் பக்கத்தில் செருகினான்.

ஆனால் அக்கா — மலையாளமா? சந்தையில் 'எத்தர' என்று விலை கேட்பதற்கு மேல் ஒரு சொல் தெரியாதவள், நெல் கொள்முதலையா கேட்டுக்கொண்டு செத்தாள்? ஒன்றும் புரியவில்லை.

30-10-73

ரேடியோ வீடு திரும்பியது. கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்ட்டில் மலையாளத்துப் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். அரிசி கடத்துகிற காலம். வைக்கோலுக்குள் போர்வை போர்த்தி ஒன்று கிடந்தால் யார் விடுவார்கள்?

"எந்தா இது?"

"என்ற சம்பந்தக்காரருங்" என்றேன். போர்வையை விலக்கினார். என் கலியாணப் பட்டைக் கட்டிக்கொண்டு ஜொலிக்கிற மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "பாடுமோ?" என்றார். "பாடாது, மலையாளத்துல நெல்லு வெலை சொல்லும்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்.

ஏரியல் கட்டவே பொழுது போய்விட்டது. நாளைக்குப் போடலாம் என்றார் மச்சான். அவராகச் சொன்னார்!

31-10-73

நிதானமாக எழுத வேண்டும்.

பொழுதோடு, பால் கறக்கிற நேரத்துக்கு சுவிட்சைப் போட்டேன். திருச்சூர்தான். செய்தி. மச்சான் பால் செம்போடு வந்தார். ரேடியோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் படியில், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அந்த இடத்தில் கல் தேய்ந்து வழவழப்பாக இருந்ததை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

டெல்லி வந்தது, போனது. மந்திரி வந்தார், போனார். மச்சான் அசையவில்லை. அப்புறம் 'ஹைறேஞ்சில் கனத்த மழ' என்று ஒரு சொல். மச்சானின் முதுகு நிமிர்ந்தது. மழை பெய்கிறது, மண் சரியவில்லை, வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன என்று முடித்தார்கள். உடனே மச்சான் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மிச்சச் செய்தி அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஹைரேஞ்சு. மூணாறு. ராசு இருக்கிற மலை.

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது.

"மச்சான், அக்கா இதுக்குத்தானுங்களா..."

அவர் திரும்பாமலே நின்றார். "நூலு அந்துபோனப்ப ரிப்பேருக்குக் குடுக்கலாம்னன். வேண்டாம்னுட்டா. எனக்கு இந்த ஒண்ணு போதும்னா."

"பாட்டுக்கூட வேண்டாம்னாளா?"

"ம்."

"எதுக்குன்னு சொன்னாளா?"

"நாந்தான் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டனே. எப்பிடிச் சொல்லுவா?"

கேட்டேன். "நீங்களும் கேட்டீங்களா?"

"பால் கறக்கறப்பக் காதுல உழுந்துது."

உள்ளே போனார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது:

"தெனமும் உழுந்துது."

அட, என்ன மனுசங்கடா இவங்க! ஒரே வீட்டில், ஒரே சேதிக்காக, முதுகும் முதுகுமாக உட்கார்ந்து — ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தால் என்ன? நான் ஊரெல்லாம் பேசித் திரிந்தேனே, இந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லையே.

4-11-73

மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டதாம். பஸ் இல்லை. மச்சான் செய்தி முடிந்தும் எழவில்லை. விவசாயிகள் நிகழ்ச்சி, நாடகம், என்னென்னவோ முடிந்து ஸ்டேசனை மூடுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் பேச்சு வரவில்லை. சாட்சிக்கு மயிலாத்தாள் இருக்கிறாள்.

5-11-73

மழை.

6-11-73

பாதை திறந்துவிட்டார்கள். ரேடியோ சொல்லி வாய் மூடவில்லை, மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளை, கட்டுச்சோத்துக்கு என்னென்ன சோறு கட்டோணும்?"

மாசமாக இருக்கிற பெண்ணின் புகுந்த வீட்டுக்குத் தாய்வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து வைத்து, பெண்ணைக் கையோடு அழைத்து வருவது. அம்மாக்காரி செய்கிற காரியம். அவர் கேட்கிறார்!

நான் அழவில்லை. எலி பிடிக்கப் போட்ட மிளகாய்ப் புகை.

11-11-73

தயிர்ச்சோறு, புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு. மயிலாத்தாள் விடியவிடியக் கிளறினாள். வாழையிலையில் கட்டி ஓலைக்கூடையில் வைத்தால், ஒரு பட்டாளம் ஒரு மாதம் போர் செய்யலாம். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறும்போது கண்டக்டர் முகர்ந்து பார்த்து, கூடைக்கும் டிக்கெட் கேட்டான். மறையூர் தாண்டியதும் குளிர். என் பல் அடித்துக்கொண்ட சத்தத்தில் டிரைவர் இரண்டு தரம் ஹார்ன் அடித்தான்.

தேயிலைக் காட்டுக்கு நடுவே வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. நல்லமுத்து ஓடிவந்தான். "வாங்க, வாங்க, மழையில நிக்காதீய, உள்ள வாங்க." மயிலாத்தாள் நுழைந்துவிட்டாள். மச்சான் வாசலிலேயே நின்றார். தோளில் துண்டு, கையில் கூடை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

ராசு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. அக்காவின் அதே நெற்றி. நான் வாயைத் திறந்தேன். மயிலாத்தாள் காலை மிதித்தாள்.

மச்சான் சொன்னார்: "ரேடியோ ரிப்பேரு ஆயிருச்சு அம்மிணி."

ராசு பார்த்துக்கொண்டே நின்றாள். இதைச் சொல்லவா மலையேறி வந்தார் என்று நினைத்திருப்பாள்.

"உங்கம்மா அதுல இந்த மலையில மழையான்னு கேட்டுட்டு இருந்தா. வேற ஒண்ணும் கேக்கல. ரெண்டு வருசமா, தெனமும்." துண்டால் முகத்தைத் துடைத்தார். மழைதான். "நானும் கேட்டன். வா சாமி, ஊட்டுக்குப் போலாம்."

ராசு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா, அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி அவள் தலையைத் தடவினார். அவருக்குத் தெரிந்த தடவல் அது ஒன்றுதான்.

நான் மடியிலிருந்த கறுப்புக் கடலையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "உன்ற ரேடியோக்காரங்க இத்தன வருசமா ஒண்ணுகூடத் திங்கல கண்ணு. திருப்பிக் குடுத்துடச் சொன்னாங்க." அழுதுகொண்டே சிரித்தாள்.

விருந்தில் எள்ளுச்சோற்றுக்கு நல்லமுத்துவும் பக்கத்து லயத்து ஆட்களும் சண்டை போட்டார்கள்.

18-11-73

சூசையப்பன் வீட்டுக்கே வந்து நூல் போட்டான். "இனியாச்சும் போடலாங்களா?" என்று என்னைக் கேட்டான். ராசு பாட்டுக் கேட்க வேண்டும் என்கிறாள். தாய்மாமன் மறுக்க முடியுமா? தீக்குச்சியை எடுக்கும் முன்னால், தகடு நிற்கிற இடத்துக்குச் சரியாக முள்ளை மாட்டச் சொன்னேன். முள் வலது பக்கம், ஓரத்துக்குக் கொஞ்சம் இப்பால் வந்து நின்றது.

ராசு குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள். மச்சான் விரலைத் தொட்டு, முள் நிற்கிற இடத்தில் வைத்தார். விரலை எடுக்கும்போது பொட்டு கொஞ்சம் வால் விட்டது. துடைக்கட்டுமா என்றேன். மூன்று பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

அப்புறம் முள்ளை நகர்த்தினோம். இலங்கை!

28-1-1974

பெண் குழந்தை. அழுகிற சத்தம் வாளையாரில் லாரிகளை நிறுத்தியிருக்கும். வால்வு தேவையில்லாத ரேடியோ என்றேன். பேர் சரஸ்வதி. வேறென்ன வைப்பார்கள்?

26-5-74

ராசுவும் பிள்ளையும் மலைக்குப் போனார்கள். நல்லமுத்து வந்து கூட்டிப்போனான். மச்சான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு. பஸ் மறைகிறவரைக்கும் மச்சான் நின்றார். நான் கடலை விதைப்பைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே இருந்தேன்.

11-6-74

பருவமழை இறங்கிவிட்டது. பொழுதோடு மச்சான் வீட்டுக்குப் போனேன். கேட்காமலே எனக்கும் ஒரு பலகை போட்டு வைத்திருந்தார். இப்போதெல்லாம் அவர் படியில் உட்காருவதில்லை. பெட்டிக்கு நேராக உட்காருகிறார். முள் பொட்டில் நின்றது.

ஹைரேஞ்சில் மழையாம். மண் சரியவில்லையாம். பஸ் போகிறதாம்.

"அமத்துங் மாப்ளை" என்றார் மச்சான். "சோறு உங்கலாம்."